"இங்கே உறங்குகிறார்"னு எழுதியிருக்கு, ஆனா ஆளு இங்க இல்ல!

போன இதழ்ல சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள இருக்கற செயின்ட் மேரீஸ் சர்ச்சோட முற்றத்துல கல்லறைக் கல்லுங்க தரை மாதிரி பாவிக் கிடக்கற ஃபோட்டோ ஒண்ணு போட்டிருந்தோம், ஞாபகம் இருக்கும். அதைப் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு ஒரு வரி சேர்த்ததுதான் தப்பாப் போச்சு, கடுதாசியும் வாட்ஸ்அப்புமா குவிஞ்சிருச்சு. ஒரே கேள்விய பத்துப் பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேர்த்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கே: என் பையனோட ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காக அந்த சர்ச்சுக்குப் போயிருந்தோம் சார். சுத்தி எங்க கால் வெச்சாலும் கல்லறைக் கல்லு. செத்தவங்க மேல நடக்கறோமேன்னு மனசு கேக்கல, செருப்பைக் கழட்டி கையில வெச்சுக்கிட்டு ஓரமாவே நடந்தேன். வெயில்ல கால் பொரிஞ்சு போச்சு. நிஜமாவே அடியில பொணம் இருக்கா?
— வாசகி, குரோம்பேட்டை

ப: இல்லம்மா! உங்க கால் பொரிஞ்சதுக்கு நான் முன்கூட்டியே எழுதாம விட்டதுதான் காரணம். அந்த முற்றத்துல பாவியிருக்கற கல்லுங்கள்ல பெரும்பாலானதுக்குக் கீழ யாரும் கிடையாது, வெறும் மண்ணுதான்.

நீங்களே கண்டுபிடிக்கற மாதிரி ஒரு துப்பு அங்கயே இருக்கு. சர்ச் கட்ட ஆரம்பிச்சது 1678 மார்ச் 25, திறப்பு விழா 1680 அக்டோபர் 28. ஆனா அங்க இருக்கற கல்லுங்கள்லயே பழசு எலிசபெத் பேக்கர்ங்கற அம்மாவோடது, அதுல இருக்கற வருஷம் 1652. கோட்டையோட முதல் பிரசிடெண்டா வந்த ஆரன் பேக்கரோட மனைவி அவங்க, புருஷன் பதவியேத்துக்க வர்ற வழியில கப்பல்லயே இறந்துட்டாங்க. சர்ச்சே இல்லாத காலத்துல சர்ச் முற்றத்துல எப்படி கல்லறை வரும்? வேற எங்கேயோ இருந்து வந்த கல்லுதானே.

அந்த வேற எங்கேயோ எதுன்னா, இப்ப ஐகோர்ட்டுக்குப் பக்கத்துல சட்டக் கல்லூரிக் கட்டடம் இருக்கு பாருங்க (காலேஜ் 2018லயே வெளியூருக்கு மாறிப் போயாச்சு, செவப்புக் கட்டடம் மட்டும் அங்கயே நிக்குது), அந்த இடம்தான். அந்தக் காலத்துல கோட்டைக்கு வடக்கால வெள்ளைக்காரங்க கறுப்பர் நகரம்னு சொன்ன ஊரு இருந்துச்சு, அதுக்குள்ள ஒரு தோட்டத்துலதான் இங்கிலீஷ்காரங்க பொதைச்சாங்க, கொய்யாத் தோட்டம்னே அதுக்குப் பேரு. கோட்டைக்குள்ள இடம் கிடையாது, வெயில் ஊர்ல பொணத்தை வெச்சிருக்கவும் முடியாது, காலையில செத்தா சாயங்காலமே அடக்கம், அதனால கூப்பிடு தூரத்துல ஒரு இடம் வேணும், அவ்ளோதான் கணக்கு.

கே: அப்போ அங்கேருந்து ஏன் சர்ச்சுக்குத் தூக்கிட்டு வந்தாங்க? ரோடு போடவா?
— வாசகர், அம்பத்தூர்

ப: ரோடு போட்டிருந்தா கூட சமாதானம் ஆகலாம், இது சண்டைக்காக. அந்த கொய்யாத் தோட்டத்துல இருந்தது தரையோட தரையா படுத்த கல்லு மட்டும்னு நெனைச்சுக்காதீங்க. கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரிங்க காசு பார்த்தவங்க, உசுரோட இருந்தப்ப ஊர்ல காட்ட முடியாத பந்தாவை எல்லாம் செத்தப்புறம் காட்டிக்கிட்டாங்க. செங்கல்லு சுண்ணாம்புல ஆள் உசரத்துக்கு மேல கோபுரமும் கூம்பும், வளைவு வெச்ச மண்டபமும்னு ஒரு குட்டி ஊரு மாதிரி கட்டி வெச்சிருந்தாங்க. அதுங்க நின்னதோ கோட்டைச் சுவத்துலேர்ந்து சுடற தூரத்துல.

1758 டிசம்பர்ல பிரெஞ்சுத் தளபதி லாலி பெரிய படையோட வந்து கோட்டையைச் சுத்தி வளைச்சுக்கிட்டாரு, 1759 பிப்ரவரி வரைக்கும் ரெண்டு மாசத்துக்கு மேல முற்றுகை. கோட்டைக்குள்ளேருந்து குண்டு பறக்குது, வெளியில இருக்கறவன் ஒளிஞ்சுக்க என்ன வேணும்? தடிமனா ஒரு சுவரு வேணும். இங்கிலீஷ்காரன் அவன் அப்பனுக்கும் தாத்தனுக்கும் கட்டி வெச்ச கல்லறைங்க ரெடியா நிக்குது! பிரெஞ்சுக்காரங்க அதுக்குப் பின்னாடி பதுங்கிக்கிட்டு சுட்டாங்க. கடைசில இங்கிலீஷ் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் லாலி மூட்டை கட்டிட்டாரு, அது வேற கதை.

சண்டை முடிஞ்சதும் கம்பெனிக்காரங்களுக்குப் புத்தி வந்துச்சு. கோட்டைக்கு முன்னாடி எதிரி ஒளியற மாதிரி ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு கோபுரத்தையும் மண்டபத்தையும் இடிச்சுத் தள்ளிட்டு, பேரு பொறிச்ச கல்லுங்கள மட்டும் பேத்து எடுத்துட்டு வந்து சர்ச்சைச் சுத்திப் பாவிட்டாங்க. அந்த வடக்குப் பக்கம் முழுக்க வீடு வாசல் இல்லாத வெட்டவெளியா வைக்கணும்னு பிற்பாடு எல்லைத் தூணே நட்டாங்க 1773ல, ஆறு தூணு, அதுல ஒண்ணு மட்டும் பாரிமுனையில டேர் ஹவுஸ் ஓரத்துல இன்னமும் நிக்குது. பஸ்ஸுக்கு நிக்கறப்ப பாருங்க.

இந்த இடிப்புல பாதிக்கப்பட்டது வெள்ளைக்காரன் கல்லறை மட்டும் இல்ல, நம்ம ஆளுங்க வீடு, கடை, கோயில் எல்லாமும்தான். இப்ப ஐகோர்ட்டு இருக்கற பக்கம் இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் கோட்டைக்காக இடம் மாத்தப்பட்டதுதான், பூக்கடைப் பக்கம் இன்னைக்கு நாம கும்பிடறது அதுக்குப் பதிலா 1760கள்ல கட்டுனது. கல்லறை பேர்ந்த கதைக்கு நெறைய பேர் உச்சு கொட்டறாங்க, வீடு பேர்ந்தவனைப் பத்தி யாரும் ஒரு கல்லு கூட நடல, இது என் வயித்தெரிச்சல்.

கே: ஒரே தடவைதான் இடம் மாறுச்சா? சில கல்லுல எழுத்து உடைஞ்சு நசுங்கின மாதிரி இருக்கே.
— வாசகர், பெரம்பூர்

ப: நல்ல கண்ணு சார் உங்களுக்கு. ரெண்டாம் தடவையும் கிளம்புச்சு! 1780ல மைசூர் ஹைதர் அலி படை ஆற்காட்டு நவாப் சீமைக்குள்ள புகுந்து மெட்ராஸ் வரைக்கும் கிலி கிளம்பின சமயம், 1782 வாக்குல கோட்டை மதில் மேல பீரங்கி நிறுத்த உறுதியான தளம் வேணும்னு இந்தக் கல்லுங்கள்ல பலதைப் பேத்துக் கொண்டு போயி பீரங்கிக்கு அடியில போட்டுட்டாங்க. அவ்வளவு பெரிய இரும்புக் குழாய் ஒவ்வொரு வெடிக்கும் பின்னால உதைக்கும், அடியில பாவம் யாரோ ஒருத்தரோட பேரு. ரொம்ப வருஷம் கழிச்சுதான் பழையபடி சர்ச் முற்றத்துக்கு வந்துச்சு. திரும்பப் பாவினப்ப யாரு பக்கத்துல யாருங்கற வரிசையெல்லாம் யாரு பாத்தா, புருஷன் ஒரு மூலை, பொண்டாட்டி ஒரு மூலை.

கே: மேலே பெருசா மண்டையோடு, எலும்பு, மணல் கடிகாரம் எல்லாம் செதுக்கியிருக்கே, அது கடற்கொள்ளைக்காரங்க கல்லறையா அங்கிள்?
— 7-ம் வகுப்பு மாணவன், மாதவரம்

ப: இல்லடா கண்ணா, எல்லாரும் கணக்குப் புள்ளைங்களும் வியாபாரிங்களும்தான். மண்டையோடுன்னா "நீயும் ஒரு நாள் இப்படித்தான்"னு பாக்கறவனுக்குச் சொல்றது, மணல் கடிகாரம்னா "நேரம் ஓடுது". அந்த காலத்து ஐரோப்பாவுல சகஜம். கொள்ளைக்காரன் கொடியில அதை எடுத்துக்கிட்டது ஊரைப் பயமுறுத்த.

கே: எத்தனை பாஷை இருக்கு அங்க? எனக்கு இங்கிலீஷே தடுமாற்றம், ஒரு கல்லுல எழுத்து ஜிலேபி மாதிரி இருந்துச்சு.
— வாசகி, திருவொற்றியூர்

ப: நீங்க பாத்த ஜிலேபி அர்மீனிய எழுத்து. லத்தீன், இங்கிலீஷ், போர்ச்சுகீஸ், அர்மீனியன்னு கலந்து கிடக்கும். லத்தீன்ல "ஹிக் யாசெட்"னு ஆரம்பிக்கும், போர்ச்சுகீஸ்ல "அகி ஜாஸ்"னு ஆரம்பிக்கும், ரெண்டுக்கும் ஒரே அர்த்தம், "இங்கே கிடக்கிறார்". முதல் தடவை இதைப் படிச்சு அர்த்தம் தெரிஞ்சப்ப நான் சர்ச் படியில உக்காந்து சிரிச்சுட்டேன், காவலுக்கு நின்னவர் ஒரு மாதிரி பாத்தாரு. கிடக்கறவர் அங்க இல்ல, ஆனா கல்லு மட்டும் இருநூத்தி அறுபது வருஷத்துக்கு மேல அடிச்சுச் சொல்லிக்கிட்டே இருக்கு.

போர்ச்சுகீஸ்காரங்களும் அர்மீனியரும் ஆங்கிலிக்கன் சர்ச் முற்றத்துக்கு எப்படி வந்தாங்கன்னா அதுவும் இடிப்புதான். கோட்டைக்குள்ளயே கத்தோலிக்கர்களுக்கு செயின்ட் ஆண்ட்ரூஸ்னு ஒரு கோயில் இருந்துச்சு, 1642ல பிரெஞ்சுக்கார கப்புச்சின் சாமியார் எஃப்ரெய்ம் தொடங்கினது. 1746ல பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் புடிச்சு மூணு வருஷம் வெச்சிருந்தாங்க இல்ல, 1749ல திரும்பக் கைக்கு வந்ததும் இங்கிலீஷ்காரங்களுக்கு கத்தோலிக்கர்னாலே உளவாளியோன்னு சந்தேகம், அந்தக் கோயிலையே இடிச்சுட்டாங்க.

அர்மீனியர்னா ஒரு ஆளைச் சொல்லாம விட முடியாது. கோஜா பெட்ரஸ் உஸ்கான். அடையாறு மேல சைதாப்பேட்டையில 1726ல மர்மலாங் பாலம் கட்டுனவரு, பரங்கிமலைக்கு ஏர்ற படிக்கட்டுக்குக் காசு கொடுத்தவரு. 1751ல இறந்தப்ப வேப்பேரியில அவரு கட்டின சின்ன கோயில்லயே அடக்கம், ஆனா இதயத்தை மட்டும் தனியா எடுத்து ஒரு பெட்டியில வெச்சு சொந்த ஊரான பாரசீகத்து ஜூல்ஃபாவுக்கு அனுப்பணும்னு எழுதி வெச்சிருந்தாரு, அப்படியே செஞ்சாங்க. அந்த வேப்பேரிக் கோயிலையும் இங்கிலீஷ்காரங்க கத்தோலிக்கர்கிட்ட இருந்து எடுத்து புராட்டஸ்டண்ட் மிஷனுக்குக் கொடுத்துட்டாங்க, இன்னைக்கு அது செயின்ட் மத்தியாஸ் சர்ச். அர்மீனியரோட கல்லறைங்களை கூட்டமா பாக்கணும்னா பாரிமுனைப் பக்கம் அரண்மனைக்காரன் தெருவுக்குப் போங்க, அர்மீனியன் தெருங்கறதைத்தான் நம்ம ஆளுங்க அப்படி ஆக்கிட்டாங்க. அங்க இருக்கற 1772 சர்ச்சே ஒரு பழைய அர்மீனியக் கல்லறை மேல கட்டினதுதான்.

கே: அமெரிக்காவுல இருக்கற யேல் யுனிவர்சிட்டிக்கும் நம்ம ஐகோர்ட்டு பார்க்கிங்குக்கும் சம்பந்தம்னு எங்க வக்கீல் சொன்னாரு, கிண்டலா நிஜமா?
— வாசகர், கொளத்தூர்

ப: வக்கீல் சொன்னது நிஜம், இந்தத் தடவை மட்டும்.

எலிஹூ யேல் கம்பெனி குமாஸ்தாவா மெட்ராஸ் வந்தவரு. அவருக்கு மேலதிகாரி ஜோசப் ஹின்மர்ஸ், கவுன்சில்ல இருந்தவரு. ஹின்மர்ஸ் 1680 மே மாசம் இறந்தாரு, கொய்யாத் தோட்டத்துல பெரிய கூர்கோபுரம் வெச்சு அடக்கம் பண்ணினாங்க. அதே வருஷம் நவம்பர் 4-ம் தேதி அவரோட விதவை கேத்தரினை யேல் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. சர்ச் திறந்து ஒரு வாரம்தான் ஆகுது, ரிஜிஸ்டர்ல முதல் கல்யாணமே இதுதான். ஆறு மாசத்துலயேவான்னு மூக்குல விரல் வைக்காதீங்க, புள்ளைங்களோட ஒரு பொம்பளை இங்கிலாந்துலேர்ந்து ஆறு மாசக் கப்பல் தூரத்துல தனியா நிக்கறப்ப அது ஊர் வழக்கம்தான்.

யேலுக்கும் கேத்தரினுக்கும் ஒரே பையன், டேவிட். நாலு வயசு நிறையறதுக்குள்ள போயிட்டான். அப்பா அப்ப மெட்ராஸ் கவர்னர், ஊரையே வாங்கற வசதி. பையனை எங்க புதைச்சாங்கன்னா, அம்மாவோட முதல் புருஷன் ஹின்மர்ஸோட கல்லறையிலயே! எனக்கு இந்த ஒரு விஷயம் அந்த யேல் கதை மொத்தத்தையும் விடப் பெருசாத் தெரியும். தனக்குன்னு ஒரு சின்னக் கோபுரம் கட்டாம, செத்துப் போன பழைய புருஷனோட பக்கத்துல புள்ளையை வைக்கலாம்னு யாரு சொல்லியிருப்பா? அந்த அம்மாதான் சொல்லியிருப்பாங்கன்னு என் ஊகம்.

யேல் ஒண்ணும் தியாகி இல்ல, அடிமை வியாபாரம் நடந்த காலத்துல அந்த ஊர் நிர்வாகத்துல இருந்தவரு, ஊழல் புகார்லதான் 1692ல பதவி போச்சு. லண்டன் போயி செட்டிலானப்புறம் 1718ல அமெரிக்காவுல ஒரு சின்ன காலேஜுக்கு ஒன்பது மூட்டை சரக்கு, 417 புத்தகம், ராஜாவோட ஒரு படம் அனுப்பினாரு, சரக்கை வித்ததுல 562 பவுண்டு கிடைச்சுது, அதுக்கே அவரு பேரை வெச்சுட்டாங்க. அவரு பொறந்தது அமெரிக்காவுல பாஸ்டன்லதான், ஆனா சின்னப் புள்ளையிலயே இங்கிலாந்து போனவரு திரும்ப அந்தப் பக்கம் போகவே இல்ல. அவரோட கல்லறை வேல்ஸ்ல ரெக்ஸ்ஹாம்ல இருக்கு.

பார்க்கிங் விஷயத்துக்கு வர்றேன். 1759ல எல்லாத்தையும் இடிச்சப்ப இந்த ஹின்மர்ஸ் கோபுரம் தப்பிச்சிருச்சு. இன்னைக்கும் அந்த பழைய சட்டக் கல்லூரி வளாகத்துல நிக்குது, 1921லேர்ந்து பாதுகாக்கப்பட்ட சின்னம், மத்திய தொல்லியல் துறை கையில. பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குப் பக்கத்துல நூறு மீட்டருக்குள்ள புதுசா கட்டக் கூடாதுன்னு சட்டம், ஐகோர்ட்டுக்கு வண்டி நிறுத்த அடுக்குமாடி பார்க்கிங் வேணும், கேஸ் போச்சு, 2023ல ஒரு தனி நீதிபதி கல்லறையை வேற இடத்துக்கு மாத்தச் சொல்லி உத்தரவு போட்டாரு. பழமையும் இல்ல கலைநயமும் இல்லங்கற மாதிரி வாதம். கலைநயம் இல்லதான், நானே ஒத்துக்கறேன், சாதாரண செங்கல் கோபுரம். ஆனா அந்த கொய்யாத் தோட்டத்துலேர்ந்து ஊர்வலம் போகாம, தன் ஆளு மேலயே நிக்கற ஒண்ணு ரெண்டு கல்லறையில அது ஒண்ணு. அதையும் கிளப்பினா அப்புறம் அதுவும் சர்ச் முற்றத்துக் கல்லு மாதிரி, பேரு ஒரு இடம், ஆளு ஒரு இடம்.

கே: டேவிட் யேல் இறந்தது 1687ன்னு ஒரு இடத்துலயும் 1688ன்னு இன்னொரு இடத்துலயும் படிச்சேன். எது சரி?
— ஆசிரியை, ஆவடி

ப: ரெண்டும் சரி டீச்சர். 1752 வரைக்கும் இங்கிலீஷ்காரனுக்கு வருஷப் பொறப்பு ஜனவரி 1 கிடையாது, மார்ச் 25. பையன் போனது ஜனவரி மாசம், அவங்க கணக்குல 1687 இன்னும் முடியல, நம்ம கணக்குல 1688 பொறந்தாச்சு. நம்ம சித்திரை மாதிரி அவங்களுக்கு ஒரு பங்குனிக் கணக்கு. பழைய கல்லுல ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு முக்காவாசி வரைக்கும் தேதி பாத்தா ஒரு வருஷம் கூட்டிக்குங்க. மார்ச் 25 மாதாவுக்குத் தேவதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாளும் கூட, சர்ச் வேலையை அன்னைக்கு ஆரம்பிச்சதாலதான் அதுக்கு மேரி பேரு.

கே: எல்லாருமே இருபது முப்பது வயசுல செத்திருக்காங்களே, என்னதான் ஆச்சு அவங்களுக்கு?
— வாசகர், செங்குன்றம்

ப: காய்ச்சல், சீதபேதி, பிற்பாடு காலரா, பொம்பளைங்களுக்குப் பிரசவம், ஆம்பளைங்களுக்குச் சாராயம். "ரெண்டு மழைக்காலம்தான் ஒரு மனுஷனோட ஆயுசு"ன்னு பம்பாய் பக்கம் வந்த வெள்ளைக்காரங்க பேசிக்குவாங்களாம். இங்க நமக்கு இன்னொரு எமன் கடலு. மெட்ராஸ்ல துறைமுகமே கிடையாது, கப்பல் தூரத்துல நிக்கும், ஆளும் சரக்கும் ஆணி அடிக்காம கயித்துல தைச்ச மசூலா படகுலதான் அலையைத் தாண்டி கரைக்கு வரணும். ஆறு மாசம் கடல்ல தப்பிச்சு வந்துட்டு கடைசி கால் மைல்ல முழுகினவங்க உண்டு.

காலரா கவர்னரைக் கூட விடல. இலங்கையில கவர்னரா இருந்துட்டு மெட்ராஸுக்கு வந்த சர் ஹென்றி வார்டு 1860 ஜூலையில பதவி ஏத்தாரு, ஆகஸ்ட் 2-ம் தேதி காலரால போயிட்டாரு, ஒரு மாசம் கூட முழுசா நாற்காலியில உக்காரல. தாமஸ் மன்றோவும் அப்படித்தான், 1827 ஜூலை 6, ஊருக்குக் கிளம்பற முன்னாடி பழைய ஜில்லா ஜனங்களை ஒரு தடவை பாத்துட்டு வர்றேன்னு போயி பத்திகொண்டாவில காலரா. முதல்ல பக்கத்துல குத்தி (Gooty)ங்கற ஊர்ல அடக்கம் பண்ணி, 1831ல எடுத்துட்டு வந்து செயின்ட் மேரீஸ்குள்ள வெச்சாங்க. இவங்க ரெண்டு பேரும் சர்ச்சுக்கு உள்ள இருக்கறவங்க, இவங்க கல்லுக்குக் கீழ ஆளு நிஜமாவே உண்டு, அங்க மட்டும் செருப்பைக் கழட்டிக்கலாம், குரோம்பேட்டை அம்மாவுக்குச் சொல்றேன்.

கே: பழைய காலத்துல கல்லறைய ரொம்ப பயபக்தியா வெச்சிருந்திருப்பாங்க, நாமதான் கெடுத்துட்டோம், இல்லையா?
— வாசகர், மயிலாப்பூர்

ப: அட போங்க சார்! 18-ம் நூற்றாண்டு ஆரம்பத்துலயே சர்ச் நிர்வாகத்துலேர்ந்து கவுன்சிலுக்குப் புகார் போயிருக்கு. கல்லறைத் தோட்டத்துல தென்னை மரம் நெறைய, கள்ளு இறக்கறாங்க, குடிக்க வர்றவன் அங்கயே உக்காந்து கூத்தடிக்கிறான், மண்டபக் கல்லறைங்களுக்குள்ள பிச்சைக்காரங்க குடியிருக்காங்க, ராத்திரியில எருமையும் ஆடும் கட்டறாங்கன்னு. நெழல் இருக்கற வாசல் இல்லாத கட்டடம் நம்ம ஊர்ல காலியா இருக்குமா என்ன.

கே: தாத்தாவோட தாத்தா ஆங்கிலோ இந்தியன், மெட்ராஸ்ல ரயில்வேல வேலை. அவரு கல்லறையை அந்த முற்றத்துல தேடினேன், கிடைக்கல.
— வாசகி, அயனாவரம்

ப: அங்க கிடைக்காதும்மா, முற்றத்துல இருக்கறது ரயிலுக்கு நூறு வருஷம் முந்தின ஆளுங்க. லாலி முற்றுகைக்கு அப்புறம் அடக்கம் பண்ண புதுசா இடம் ஒதுக்கினது கூவம் ஓரமா, தீவுத்திடல் பக்கம், இப்போ பல்லவன் சாலை. அதுவும் செயின்ட் மேரீஸ் கல்லறைன்னுதான் பேரு, அதனாலதான் எல்லாரும் குழம்பிடறாங்க. ஆனா ரயில்வே குடும்பம்னா பெரம்பூர், அயனாவரம், கீழ்ப்பாக்கம் பக்கத்துக் கல்லறைங்களைத்தான் முதல்ல பாருங்க.

அதுக்கு முன்னாடி பேப்பர்ல தேடுங்க, கால் வலி மிச்சம். ஒவ்வொரு சர்ச்சும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணுக்கும் ரிஜிஸ்டர் வெச்சிருந்துச்சு, மெட்ராஸ் மாகாணத்து ரிஜிஸ்டர்களோட நகல் 1698லேர்ந்து லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு, நெறைய ஆன்லைன்லயும் வந்தாச்சு. பேரை நாலு விதமா எழுதிப் பாத்துத் தேடுங்க, குமாஸ்தா காதுல விழுந்தபடி எழுதியிருப்பாரு. கல்லுல இருந்த வாசகம்தான் வேணும்னா காட்டன்னு ஒரு ஐசிஎஸ் அதிகாரி மெட்ராஸ் மாகாணம் முழுக்க சுத்தி தொகுத்து 1905ல அரசாங்கமே போட்ட புத்தகம் இருக்கு, இன்னைக்கு அழிஞ்சு போன எழுத்தைக் கூட அதுல படிக்கலாம்.

கே: கல்லுல எழுத்து மங்கலா இருக்கு, சாக்பீஸ் தேய்ச்சுப் படிக்கலாமா? எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சா பளிச்சுன்னு ஆகுமாமே?
— கல்லூரி மாணவர், வண்ணாரப்பேட்டை

ப: தம்பி, கை வைக்காதே! எலுமிச்சை அமிலம், கல்லை அரிக்கும், சாக்பீஸ் நுண்ணிய துளைக்குள்ள போயி அப்படியே தங்கிடும். காலையில ஏழு எட்டு மணிக்கோ சாயங்காலம் அஞ்சு மணிக்கோ போ, வெயில் சாஞ்சு விழறப்ப வெட்டின எழுத்துல நெழல் கட்டும், அப்ப படிக்கலாம். முடியலையா, ஃபோன் டார்ச்சைத் தரையோட தரையா பக்கவாட்டுல புடிச்சு ஃபோட்டோ எடு. நடு மத்தியானம் போனா ஒண்ணும் தெரியாது, கண்ணுதான் கூசும். தலைமைச் செயலகம் உள்ள இருக்கறதால வாசல்ல செக்கிங் உண்டு, அடையாள அட்டை எடுத்துட்டுப் போ.

கே: பழவேற்காட்டு டச்சுக் கல்லறையும் இப்படி இடம் மாறினதுதானா?
— வாசகர், பொன்னேரி

ப: இல்ல, அது இருந்த எடத்துலயே இருக்கு. வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு செதுக்கி நிக்குமே, அது. எழுபத்தாறு கல்லறை, தொல்லியல் துறை பாதுகாப்பு. உங்க ஊர்லயே இருக்கு, போயிட்டு வந்து எனக்கு எழுதுங்க.

கே: கல்கத்தாவுல ஒரு கல்லறைக் கல்லு பல்லாவரத்துக் கல்லுன்னு ஜியாலஜி வாத்தியார் சொன்னாரு. அங்க எப்படிப் போச்சு?
— மாணவி, பல்லாவரம்

ப: ஆஹா, உங்க ஊரு பெருமையை நீங்களே கேட்டுட்டீங்க. கல்கத்தாவுல கம்பெனி குடியிருப்பைத் தொடங்கின ஜாப் சார்னாக் அங்க செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்துல இருக்காரு. அவரு மேல இருக்கற கருங்கல்லு வங்காளத்து வண்டல் மண்ணுல கிடைக்கற சமாச்சாரமே இல்ல, மெட்ராஸ்லேர்ந்து கப்பல்ல போனது. 1893ல தாமஸ் ஹாலந்துங்கற ஜியாலஜிஸ்ட் அந்தக் கல்லைப் பாத்துட்டு, இது பல்லாவரம் மலையில இருக்கற அதே ரகம்னு சொல்லி அந்த ரகத்துக்கே சார்னோகைட்னு பேரு வெச்சுட்டாரு. உலகத்துல எங்க அந்தக் கல்லு கிடைச்சாலும் அந்தப் பேருதான். பல்லாவரம் கல்லு, பேரு கல்கத்தாக்காரருக்கு, எப்படி இருக்கு பாருங்க! சார்னாக்குக்கும் நம்ம சர்ச்சுக்கும் இன்னொரு முடிச்சு உண்டு, அவரோட மூணு பொண்ணுங்களுக்கும் 1689ல செயின்ட் மேரீஸ்லதான் ஞானஸ்நானம் ஆச்சு, அம்மா இந்தியப் பொண்ணு.

கே: சர்ச்சுக்கு உள்ள "நினைவாக"ன்னு மட்டும் லத்தீன்ல போட்டு, பேரே இல்லாம ஒரு கல்லு இருக்கே, அது யாரு?
— வாசகர், ராயபுரம்

ப: பிகட் பிரபுவோடதுன்னு சொல்லுவாங்க. அவரு கதை கேட்டா கல்லுல ஏன் பேரு இல்லன்னு புரியும். ரெண்டாம் தடவை மெட்ராஸ் கவர்னரா வந்தவரு தஞ்சாவூர் ராஜாவுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுத்தாரு, ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துட்டு தஞ்சாவூர் வருமானத்துலேர்ந்து வசூல் பண்ணலாம்னு காத்துக்கிட்டிருந்த கவுன்சில் ஆளுங்களுக்கு வயித்துல நெருப்பு. 1776 ஆகஸ்ட்ல கவர்னரையே கைது பண்ணி அடைச்சுட்டாங்க. 1777 மே மாசம் காவல்லயே செத்துட்டாரு. அடைச்சவங்களே ஆட்சியில இருக்கறப்ப கல்லுல என்னன்னு எழுதுவாங்க?

இதே பிகட்தான் முதல் தடவை கவர்னரா இருந்தப்ப லாலி முற்றுகையில கோட்டையைக் காப்பாத்தினவரு. அதாவது கொய்யாத் தோட்டத்துக் கல்லறைங்களை இடிச்சு, பேரு இருக்கற கல்லை எல்லாம் ஆளு இல்லாத இடத்துக்குக் கொண்டு வந்தது இவரு ஆட்சியில. சர்ச்சுக்கு வெளியில பேரு இருக்கு, ஆளு இல்ல. உள்ள இவரு மட்டும் ஆளு இருக்காரு, பேரு இல்ல.

கே: மாதவரம் பையனோட அம்மா எழுதறேன். "அப்போ அந்த எலும்பெல்லாம் இப்ப எங்கம்மா இருக்கு"ன்னு மூணு நாளா கேட்டு உசுரை எடுக்கறான்.

ப: கல்லைத்தான் தூக்கிட்டு வந்தாங்க, எலும்பை இல்லன்னு சொல்லுங்கம்மா. அது எல்லாம் ஐகோர்ட்டுப் பக்கம் அந்த செவப்புக் கட்டடத்து மண்ணுக்குக் கீழதான் இருக்கும். தினமும் காலையில பத்து மணிக்கு கறுப்பு கோட்டு போட்டுக்கிட்டு அதுக்கு மேலதான் எல்லாரும் வேக வேகமா நடந்து போறாங்க, செருப்போட இல்ல, ஷூவோட.